கை நனைத்தவன்

எங்கள் வீட்டு வாரியலில் இருந்துதான் அவன் பல் குத்துவதற்கு ஈர்க்குச்சி உருவுவான். வாசல் கூட்டி, மாட்டுக் கொட்டகை கூட்டி, மூலையில் சாத்தி வைத்திருக்கிற வாரியல் அது. சாப்பிட்டுக் கை கழுவியதும் நேரே அந்த மூலைக்குப் போவான். குனிந்து, நிதானமாக ஒரு குச்சியைப் பொறுக்கி எடுத்து, நுனியை ஒடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குத்துவான். வந்ததை வாசல் பக்கம் துப்புவான். வேலை முடிந்ததும் குச்சியைத் திரும்ப அந்த வாரியலிலேயே செருகிவிட்டுப் போவான். முதல் தடவை இதைப் பார்த்த அன்றைக்கு வாரியலைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். "நல்ல வாரியலை ஏம்ட்டி தூரப் போட்டே?" என்று மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவன் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். எழுத மனம் வரவில்லை. ஊர் மொத்தமும் அண்ணாச்சி என்று கூப்பிட்டது, எதிரில் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். எழுத உட்கார்ந்தால் 'அவன்' என்றுதான் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

எரிவாயுக் குழாய் போடுகிற கம்பெனிக்கும் நிலக்காரர்களுக்கும் நடுவில் பேசிச் சரிக்கட்டுவது அவன் வேலை. குழாய் கடற்கரைப் பக்கம் எங்கோ புறப்பட்டு, எங்கள் கண்ணில் படாத ஏதோ ஒரு ஊருக்குப் போகிறது. வழியில் சீவலப்பேரிப் பக்கத்தில் எங்கள் வயலுக்குள்ளும் நுழைந்து வெளியேறுகிறது. நிலம் எங்களுக்கே சொந்தமாம். அடியில் படுத்திருக்கிற குழாய் மட்டும் அவர்களுடையதாம். மேலே நெல் போடலாம், மரம் வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது. இதை ஊர்க்காரர்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கத்தான் அவனை அனுப்பியிருந்தார்கள். அவனோ மாதக்கணக்காக இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினான்.

நான் விக்கிரமசிங்கபுரத்துப் பெண். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் சாப்பாடு என்பது சங்கு ஊதுவதற்குள் முடிகிற காரியம். விருந்தாளி வந்தால் காப்பி கொடுப்போம், பேசுவோம், அனுப்பிவிடுவோம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகுதான், வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் போனால் அது வீட்டுக்கே இழுக்கு என்று படித்துக்கொண்டேன். என் மாமியார் இசக்கியம்மாளுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. எங்கள் வாசலில் நின்றவன் எவனும் காலி வயிற்றோடு போனதில்லை என்பதை, மற்றவர்கள் நகை நட்டைச் சொல்வது மாதிரி சொல்லுவார்.

கை நனைப்பது என்று ஒன்று இங்கே இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் பேச்சு முடியாமல் அந்த வீட்டில் இலை போட்டு உட்கார மாட்டார்கள். பங்காளிகள் வாய்க்கால் தகராறில் இருந்தால், கல்யாண வீட்டுக்கு வருவார்கள், மொய் எழுதுவார்கள், சாப்பாட்டுக்கு மட்டும் நழுவிவிடுவார்கள். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் அந்த வீட்டோடு மனத்தாங்கல் இல்லை என்று அர்த்தம். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் ஒரு கடுஞ்சொல் சொல்லக்கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் பத்திரத்தை விட இதற்குத்தான் ஊரில் மரியாதை.

இந்த ஒன்றை அவன் மோப்பம் பிடித்துவிட்டான்.

வயலுக்குள் வெள்ளைக் கல்லும் சிவப்புக் கொடியும் நட்டுவிட்டுப் போன வாரத்தில் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. மிஷினை உள்ளே விடுவதில்லை என்று வாய்க்கால் கரையில் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். போலீஸ் வரும், அதிகாரி வருவார் என்று காத்திருந்தால், ஒரு மத்தியானம் இவன் பைக்கில் தனியாக வந்து எங்கள் வாசலில் இறங்கினான். வேர்த்து வழிந்த முகம், மடித்துக் கட்டிய வேட்டி, கையில் காகிதம் ஒன்றும் கிடையாது.

"அத்தை, பழைய சோறு இருந்தா ஒரு கை போடுங்க. வயிறு கிள்ளுது" என்றான்.

அத்தை என்றதும் மாமியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யார், எந்த ஊர் என்று விசாரித்தார். அவன் வள்ளியூர்ப் பக்கம் ஒரு ஊரைச் சொல்லி, அங்கே எங்கள் உறவில் யாரோ ஒருவரைத் தேடிப் பிடித்து, என் வீட்டுக்காரரை மச்சான் ஆக்கி, என்னைத் தங்கச்சி ஆக்கிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பழைய சோற்றைப் பிசைந்தான். மோர்மிளகாயைக் கடித்தான். கும்பாவை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினான். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏப்பம் விட்டு, "சிவசிவா, இது யாரு கை பக்குவம்?" என்று கேட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கொடியில் கிடந்த எங்கள் துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு போனான்.

மறுநாள் பக்கத்து வீடு. அடுத்த நாள் அதற்கடுத்த வீடு. எந்த வீட்டில் என்றைக்கு என்ன குழம்பு என்பது அவனுக்கு அத்துப்படி. ஆற்றில் கெண்டை பிடித்து வந்த வீட்டுக்கு மீன் கொதிக்கும்போது சரியாகப் போய் நிற்பான். எங்கள் வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் என்றால் எப்படித்தான் தெரியுமோ, தெருமுனையில் பைக் சத்தம் கேட்கும்.

அவன் சாப்பிடுவதைப் பார்க்க என்னால் முடியாது. சோற்றை உருண்டையாக உருட்டி, அதை உள்ளங்கையில் ஒரு முறை எறிந்து பிடித்துவிட்டு வாய்க்குள் தள்ளுவான். ரசத்தைக் கையில் வாங்கிக் குடிக்கும்போது அது முழங்கை வரைக்கும் ஓடும். அதையும் விடாமல் நாக்கை நீட்டி நக்குவான். முருங்கைக்காயை உறிஞ்சிச் சக்கையை இலைக்கு வெளியே, நான் மெழுகிய தரையில் வரிசையாக வைப்பான். கடைசியில் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக வாயில் விட்டுச் சப்புவான். அந்தச் சத்தம் அடுப்பங்கரைக்குள் நிற்கிற எனக்குக் கேட்கும். ஈரத்துணியைக் கல்லில் அடிக்காமல் பிழிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

"நல்லாச் சாப்பிடுத மனுசன்ட்டி. அவனைப் போயி மூஞ்சியைச் சுளிக்கியே" என்பார் மாமியார்.

பேச்சு எடுத்தது பல சாப்பாட்டுக்குப் பிறகுதான். அதுவும் வாய் நிறையச் சோறு இருக்கும்போது. "அத்தை, நம்ம வயல்ல அந்தக் குழாயி... பேருக்கு ஒரு ஓரமா வருது. நீங்க ஒண்ணும் யோசிக்காண்டாம். நான்லா நிக்கேன்." மாமியார் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். இலையில் உட்கார்ந்திருக்கிறவனிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்லுவது? என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அவர் எதற்கும் தலையை ஆட்டுகிறவர்தான், இருந்தாலும் அன்றைக்குக் கொஞ்சம் வேகமாக ஆட்டினார்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாமியார் திருப்பித் திருப்பிச் சொன்னார். எங்கள் வயலில் மேலே கிடப்பது கருப்பு மண். ஆறு கொண்டுவந்து போட்டதும், நாங்கள் வருசா வருசம் மிதித்துக் குழைத்ததும் சேர்ந்த மண். அதற்கு அடியில், மாடு மிதித்து ஏர் ஓடி இறுகிப்போன ஒரு அடுக்கு இருக்கிறது. தண்ணீரைத் தாங்கி நிறுத்துவது அதுதான். அதையும் தாண்டித் தோண்டினால் மஞ்சள் சரள். அதில் தண்ணீர் விட்டால் விட்ட சுவடு தெரியாது. தோண்டும்போது மூன்றையும் தனித்தனியாகக் குவித்து, மூடும்போது எது எங்கே இருந்ததோ அதே வரிசையில் போட வேண்டும். கம்பெனியே அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தது.

"சட்டிக்கு அடி போச்சுன்னா அப்புறம் என்னத்தக் காய்ச்ச? அதை மட்டும் பாத்துக்கோய்யா" என்றார் மாமியார். எங்களுக்கு இருப்பது அந்த ஒரு வயல்தான். பிசானப் பருவத்துக்கு அதில் விளைகிற நெல்தான் வருசம் முழுக்கச் சோறு. அவன் தின்ற சோறும் அதுதான்.

"உங்க வீட்டு உப்பு என் உடம்புல ஓடுது அத்தை. ஒரு கூடை மண்ணு இடம் மாறினா என்ன ஏன்னு கேளுங்க" என்றான். சொல்லிவிட்டு அப்பளம் கேட்டான்.

இதற்கிடையில் அவன் கை நனைக்க முடியாத வீடு ஒன்று ஊரில் இருந்தது. எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரி சுடலி அக்கா. புருசன் இல்லை, பிள்ளைகள் இல்லை, கூலி வேலைக்குப் போய் வாங்கிய துண்டு நிலம். வாய் கொஞ்சம் நீளம். அவள் வாசலில் போய், "அக்கா, வயிறு கிள்ளுது" என்று ஆரம்பித்தானாம்.

"ஏலே, மண்ணைத் தோண்ட வந்தவன் மண்ணைப் பத்திப் பேசு. எங்க வீட்டு அடுப்புல என்ன கெடக்குன்னு உனக்கு என்னலே?" என்று கேட்டுவிட்டாள்.

அவன் விடவில்லை. மறுபடி ஒரு நாள் தண்ணீராவது கொடுங்கள் என்று போனான். தெருக்குழாயைக் கையால் காட்டிவிட்டாள். அவளுக்குக் கொழுப்பைப் பார், வந்த மனிதனை வெறும் வயிற்றோடு விரட்டுகிறாளே, இவள் விளங்குவாளா என்று தெருவே பேசியது. என் மாமியாரும் பேசினார். எனக்கு மட்டும் அன்றைக்கு மனத்துக்குள் ஒரு குளுமை.

மிஷின் முதலில் இறங்கியது மேற்கே ஒரு வாழைத் தோட்டத்தில். குலை தள்ளுகிற பருவத்தில் இருந்த வாழை. அறுவடை வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னவன் அவன்தான். சொன்னதற்கு முன்னால் அந்த வீட்டிலும் சாப்பிட்டிருந்தான். ஒரு காலையில் மிஷின் வந்து குழாய் போகிற அகலத்துக்கு அத்தனையையும் சாய்த்துவிட்டது. தோட்டக்காரர் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். நாங்கள் எல்லோரும் ஓடிப் போனோம். அவன் பதறவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து கிடந்த வாழைகளுக்கு நடுவில் நடந்தான். நல்ல நுனி இலையாகப் பார்த்து ஒன்றை அறுத்தான். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே தோட்டக்காரர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தான்.

"கோவம் இருக்கட்டும் அண்ணாச்சி, இருக்க வேண்டியதுதான். முதல்ல சோத்தப் போடச் சொல்லுங்க, பேசுவோம். நல்ல தலைவாழை, இது ஏன் வீணாப் போகணும்?"

அந்த வீட்டம்மா அழுதுகொண்டே பரிமாறினாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, குழம்பு ஊற்றினாள். அவன் இரண்டாம் தடவை ரசம் கேட்டான். வாசலில் நின்ற தோட்டக்காரரின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அவன் மோருக்கு வந்தபோது நின்றுபோனது. இலையை மடித்து எழுந்தவன், வெளியில் வந்து அவர் தோளில் கை போட்டான். கழுவியும் குழம்பு வாசம் போகாத கை. அவர் அதைத் தட்டிவிடவில்லை. அந்த வாசம் தள்ளி நின்ற எனக்கே அடித்தது மாதிரி இருந்தது.

அன்றைக்கே எங்கள் வீட்டில் சொன்னேன். "நம்ம வயல்ல தோண்டும்போது நீங்க பக்கத்துல நிக்கணும். அந்த ஆளை நம்பாதிய."

என் வீட்டுக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். "கை நனைச்ச மனுசன்லா? அவரு வேலை செய்யுத எடத்துல போயி நின்னு மண்ணைக் காவல் காத்தா என்ன நினைப்பாரு? அசிங்கமா இருக்காது?"

மாமியாரும் அதையேதான் சொன்னார். நம் வீட்டில் இத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிட்டவனைச் சந்தேகப்பட்டால், போட்ட சோற்றைத் திருப்பிக் கேட்டது மாதிரி ஆகும் என்றார். என் அப்பாவாக இருந்தால் முதலாளியே வந்து விருந்து சாப்பிட்டாலும் மறுநாள் கேட்டில் நின்று கொடி பிடித்திருப்பார். இந்த ஊரில் அதைச் சொன்னால் மில்லுக்காரப் புத்தி என்பார்கள். சொல்லிப் பார்த்தேன், அதைத்தான் சொன்னார்கள்.

எங்கள் வயலில் தோண்டிய அன்று என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார். மரியாதைக்காக. மாமியார் சோறு பொங்கி, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்து, தன்னுடைய எவர்சில்வர் தூக்குவாளியில் அமுக்கி நிரப்பினார். மிஷின் ஓட்டுகிற பையன்கள் பட்டினியாகக் கிடக்கிறார்கள் என்று அவன்தான் கேட்டிருந்தான். அந்த வாளி மாமியாருடைய கல்யாணச் சீர். மூடிக்குப் பக்கத்தில் அவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனான்.

சுடலி அக்கா அன்றைக்குக் கூலிக்குப் போகவில்லை. குடையை விரித்துக்கொண்டு வரப்பில் நின்றாள். மிஷின் அவள் வயலுக்குள் வந்ததும் கருப்பு மண்ணை ஒரு பக்கம் குவிக்க வைத்து, அந்தக் குவியலின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். குழாயை இறக்கிச் சரளைப் போட்டு மூடும் வரை உட்கார்ந்திருந்தாள். இறுகிய மண்ணைப் போட்டு மிஷினை அதன் மேல் முன்னும் பின்னும் ஓட்ட வைத்தாள். அதற்குப் பிறகுதான் குவியலை விட்டு இறங்கினாள். மிஷின்காரன் கத்தினானாம். இவள் அவனை விடக் கத்தினாளாம்.

எங்கள் வயலில் கத்த ஆள் இல்லை. மேகம் கருத்துக்கொண்டு வந்தது என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். கருப்பு அடியில் போய், மஞ்சள் மேலே வந்து, நடு வயலில் ஒரு பட்டை கிடந்தது. வரப்பில் ஒரு மஞ்சள் கம்பத்தை நட்டு அதில் எச்சரிக்கை எழுதியிருந்தார்கள்.

பிசானத்துக்கு மடை திறந்தோம். சாயங்காலம் வயல் நிறையத் தண்ணீர் நின்றது. விடிந்து போய்ப் பார்த்தால் சேறு மட்டும் இருந்தது. குழாய் போன பட்டை வழியாக அத்தனையும் உள்ளே இறங்கிவிட்டது. மறுபடி விட்டோம், மறுபடி குடித்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் சுடலி அக்காவின் வயலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. நட்ட நாற்று எங்கள் பக்கம் பழுத்துச் சாய்ந்தது. நடுகைக்கு வந்த பெண்களுக்கு அந்தப் பட்டையில் கால் வைத்தால் வெல்டிங் குச்சி குத்தியது.

என் வீட்டுக்காரர் போன் மேல் போன் போட்டு அவனை வரவழைத்தார். வந்தான். வரப்பில் நின்று வயலைப் பார்த்து, உச்சுக் கொட்டி, சாவு வீட்டில் நிற்பது மாதிரி கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றான். பிறகு நிமிர்ந்து, "வாங்க மச்சான், வீட்டுக்குப் போயிப் பைய உக்காந்து பேசுவோம். தங்கச்சி இன்னைக்கு என்ன வச்சிருக்கு?" என்றான்.

நான் ஒன்றும் வைக்கவில்லை என்று சொன்னேன். மாமியார் என்னை அடுப்பங்கரையை விட்டு விலக்கிவிட்டு அவரே முட்டை பொரித்தார். அவன் சாப்பிட்டான். சாப்பிடச் சாப்பிட என் வீட்டுக்காரர் கேட்க வைத்திருந்த கேள்விகள் எல்லாம் தொண்டைக்குள் போய்விட்டன. எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவன் எங்கள் வீட்டில் கை நனைத்தால் அவன் எங்களுக்குக் கட்டுப்பட்டவன் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டுப்பட்டுக் கிடந்தது இவர்கள்தான். அவனுக்கு அது வெறும் சாப்பாடு. நான் வாயைத் திறந்து, "எங்க வயல் தண்ணி குடிக்குது, நீங்க சோறு தின்னுக்கிட்டு இருக்கிய" என்றேன். மாமியார் பதறிப்போய், "எலையில இருக்கவன்கிட்ட என்ன பேச்சுப் பேசுத?" என்று என் வாயைத்தான் அடைத்தார். அவன் பெருந்தன்மையாகச் சிரித்தான். பல் இடுக்கில் முட்டை இருந்தது.

மேல் ஆட்களிடம் சொல்லிச் சரிசெய்து தருவதாகப் போனவன் அதோடு சரி. தூக்குவாளியை மாமியார் கேட்கும்போதெல்லாம் கம்பெனி ஜீப்பில் கிடக்கிறது என்றான்.

மறு கோடையில் என் வீட்டுக்காரர் தாமே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பட்டையில் இறங்கினார். அந்த இடத்தில் ஆழமாகத் தோண்டக் கூடாது என்று கம்பத்தில் எழுதியிருக்கிறது. மேலாக மட்டும், மஞ்சளைக் கொத்திக் கருப்பைத் தேடினார். பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. பான்பராக் காகிதம் வந்தது. கிழிந்த கையுறை வந்தது. ஒரு இடத்தில் மண்வெட்டி டங்கென்று பட்டது. தோண்டி எடுத்தால், ஒரு பக்கம் சப்பிப்போன தூக்குவாளி. மண்ணைத் தேய்த்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இசக்கியம்மாள்.

மூடி இறுகியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து நெம்பித் திறந்தார். திறந்ததும் நாங்கள் எல்லோரும் பின்னால் போய்விட்டோம். உள்ளே சோறு இருந்தது. கருப்பாக, கூழாக, விளிம்பு வரைக்கும் அமுக்கி வைத்தது வைத்தபடி. ஒரு பருக்கை யாருக்கும் போகவில்லை. பையன்களுக்கு என்று வாங்கிப் போனதை அவன் பள்ளத்தில் எறிந்துவிட்டு, மேலே எங்கள் மண்ணையும் தள்ள விட்டிருக்கிறான். அவனுக்கு வேண்டியது சோறு இல்லை, நாங்கள் போடுவதுதான் வேண்டியிருந்தது. அந்த நாற்றம் இரண்டு நாள் வாசலை விட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சி மைனி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்து, "சோத்தையா இப்படிப் பண்ணுவான்? கட்டையில போவான்" என்று மண்ணை அள்ளித் தூற்றினாள்.

வயல் போனபோது வாய் திறக்காத மாமியார், வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். புளி போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார். நாற்றம் போகவில்லை. தூரப் போடவும் விடவில்லை. கொட்டகையில் ஒரு ஆணியில் மாட்டி வைத்தார். வயலில் அந்தப் பட்டையும் தேறவில்லை, எங்கள் வீட்டில் இப்போதும் கடை அரிசிச் சோறுதான்.

போன மாதம் மறுபடியும் வெள்ளைக் கல் நட்டார்கள். முதல் குழாயில் இருந்து ஒரு கிளை பிரிந்து ஏதோ தொழிற்சாலைக்குப் போகிறதாம். அது பேச்சி மைனியின் வயல் வழியாகப் போகிறது. கல் நட்ட மூன்றாம் நாள் தெருமுனையில் கார் சத்தம். பைக் போய்க் கார் வந்திருந்தது. வயிறும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. பழக்கத்தில் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வந்தான்.

"அத்தை, சொகமா இருக்கியளா? பழைய சோறு இருக்கா?"

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாமியார் எழுந்தார். வழக்கம்போலச் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தார். அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கழுவுவதற்குக் கையை நீட்டினான். மாமியார் இரண்டு எட்டு விலகிப் போய், செம்புத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்தார்.

"இந்த வீட்டுல உன் கை நனையாது. போயிரு" என்றார். ஆயுசில் முதல் தடவையாக ஒருவனைச் சாப்பிடாமல் போகச் சொல்கிறார்.

நீட்டிய கையை அவன் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். "அத்தைக்கு வயசாயிட்டு, கோவம் வருது" என்று சிரித்தான். நனையாத கையைக் கொடியில் கிடந்த எங்கள் துண்டில் துடைத்துக்கொண்டு நடந்தான். பக்கத்து வீட்டு வாசலில் அவன் குரல் கேட்டது. "பேச்சிக்கா, என்ன குழம்பு? தெருவே மணக்கே!"

மைனி என்ன சொல்லுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கொட்டகைக்குப் போய் ஆணியில் கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு மைனி வீட்டுக்குள் நுழைந்தேன். அவன் பாதிச் சாப்பாட்டில் இருந்தான். வாளியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்தேன். மைனி கரண்டியோடு நின்றாள்.

அவன் பார்த்தான். முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. "அட! அத்தை வாளியில்லா இது! எங்க கெடந்துச்சு?" என்று வாயில் சோற்றோடு கேட்டான்.

"எங்க வயல்ல. நீங்க பொதைச்ச எடத்துல. சோத்தோட."

இடது கையால் வாளியைத் தூக்கினான். மூடியைத் திருகித் திறந்து பார்த்தான், மூடிப் பார்த்தான். "நெளிஞ்சாலும் மூடி கச்சிதமாத்தான் இருக்கு" என்றான். பிறகு அதை மைனி பக்கம் நீட்டினான். "அக்கா, நான் போகும்போது இதுல கொஞ்சம் சோறும் குழம்பும் போட்டுக் குடுங்க. மிஷின்காரப் பயலுவ பட்டினியாக் கெடக்கானுவ."

மைனி என்னைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு மண்ணைத் தூற்றியவள் அவள். பின்வாசலுக்கு வெளியே அவளுடைய வயல் தெரிகிறது, கதிர் பால் பிடித்து நிற்கிறது. ஒரு வார்த்தைதான், சொல்லிவிடு மைனி என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்த மனுசனை என்னட்டி சொல்ல?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகினாள். கரண்டியை வைத்துவிட்டுக் கையை நீட்டி வாளியை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அவன் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்ப ஆரம்பித்தான். இத்தனை வருசமும் எனக்குக் குமட்டியது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். அன்றைக்கு அது காதில் ஏறவே இல்லை. குழாயடியில் மைனி அந்த வாளியை நார் போட்டுத் தேய்க்கிற சத்தம்தான் கேட்டது. வாசலுக்கு ஓடிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.